பத்தாம் இலக்கத்துக்கு ஒரு நன்னடத்தை விசாரணை

மட்டக்குளியில் ஏறிய பஸ்ஸில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சிவபாதம் அண்ணையின் மடியில் இரண்டு கிலோ பாரை மீன் இருந்தது.

மீன் என்னுடையது. எனக்கு இருக்கை கிடைக்கவில்லை. நின்று வருகிறவரின் பையை இருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது கொழும்பு பஸ்களின் மரியாதை. அண்ணை மரியாதை தவறாதவர். ஆனால் வெள்ளிக்கிழமையில் முட்டை சேர்த்த கேக்கைக் கூடத் தொடாதவர். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, அதன் மேல் சொட்டுச் சொட்டாகக் கசியும் பொலித்தீன் பை.

பக்கத்தில் வந்த கண்டக்டர் குனிந்து பார்த்து, மீன் என்ன விலை என்று சிங்களத்தில் அன்போடு விசாரித்தார்.

"மகே நெவெய்," என்றார் அண்ணை. என்னுடையது இல்லை என்று பஸ் முழுவதற்கும் கேட்கச் சொன்னார்.

அந்த மீனை எங்களிடம் ஏன் தந்தார்கள் என்று விளங்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய வாடகை வீட்டுக் கதையைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் நினைவுகளில் எப்போதும் நீங்களே சரியாக இருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். அந்தக் குறையை இந்தக் கிழமை தீர்த்து வைக்கிறேன்.

கடைசி இடம் தந்த பாக்கியம்

வெள்ளவத்தையில் எங்களுக்கு ஒரு கால்பந்துக் கழகம் இருக்கிறது. அதன் தெரிவுக் குழுவில் மூன்று பேர். தலைவர் சிவபாதம் அண்ணை, ஓய்வுபெற்ற உப அதிபர். பொருளாளர் நிஸ்தார் ஹாஜியார், மாளிகாவத்தையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். செயலாளர் நான். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்தவன். நசுங்கிய வாகனத்தைப் பார்த்து, சாரதி நித்திரை கொண்டாரா, குடித்திருந்தாரா என்று சொல்லிவிடுவேன். என் அறிக்கைகளில் வெட்டு, திருத்தம் இருக்காது. வெட்டினால் பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளால் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பது கம்பனி விதி. முப்பது வருடத்தில் எனக்கு அந்தத் தேவை வரவில்லை என்று பிரியாவிடைக் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்.

எட்டுக் கழகங்கள் ஆடும் சுற்றுப்போட்டியில் நாங்கள் நான்கு வருடமாகக் கடைசி. ஐந்தாவது முறையும் கடைசி என்றால் சுற்றுப்போட்டியிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது.

ஆனால் கடைசியாக வருவதிலும் ஒரு பாக்கியம் உண்டு. புதிய இளம் வீரர்களின் பட்டியலை எல்லாக் கழகங்களுக்கும் முன்னால் வைத்து, ஒவ்வொரு கழகமாக ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். டிராஃப்ட் என்பார்கள். கடைசியாக வந்த கழகத்துக்குத்தான் முதல் வாய்ப்பு. யாரை வேண்டுமானாலும் நாங்கள் எடுக்கலாம். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒருவன். நடுக்களத்தில் நின்று, யாருக்கு எப்போது பந்து போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவன். பத்தாம் இலக்கம்.

ஒரு நாள் காலை, இடியப்பத்தில் நான் சொதியை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் மகள் மதுரா தன் கைத்தொலைபேசியை முன்னால் நீட்டினாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். எங்கள் பெடியன்களுக்குச் சுளுக்குப் பார்ப்பதும், நான் கையால் எழுதும் கூட்டக் குறிப்புகளைக் கணினியில் அடித்துத் தருவதும் அவள்தான்.

திரையில் ஒரு சேற்று மைதானம். மெலிந்த ஒரு பெடியனை மூன்று பேர் சுற்றி நிற்கிறார்கள். அவன் இடது பக்கம் பார்க்கிறான். பந்து வலது பக்கம் போகிறது. அங்கே ஓடி வந்தவனின் காலடியில் போய் நிற்கிறது.

"ஆர் பிள்ளை இது?"

"ஜெரோம். மட்டக்குளி. இந்த முறை லிஸ்ட்டில பேர் இருக்கு அப்பா."

"இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

"போன வருசம் ரெஃபரியைத் தள்ளினவர். ஒரு சீசன் தடை. இப்ப அது முடிஞ்சுது. ஆனா எல்லாரும் பயப்பிடினம். இந்த முறையும் ஒருத்தரும் எடுக்காட்டி டோஹாவுக்கு வேலைக்குப் போற யோசினை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"முழங்கால் நோவெண்டு கிளினிக்குக்கு வந்தவர்."

முப்பது வருட விசாரணை அனுபவம் உள்ள எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

பதினேழு கேள்விகள்

சிவபாதம் அண்ணையின் கையில் வேறொரு பெயர் இருந்தது. கபிலன். எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் கணக்காளர் ஒருவரின் மகன். வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை வயலின். பெரியவர்களைக் கண்டால் சைக்கிளால் இறங்கிவிடுவான். பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு, தன் அணியிடம் மன்னிப்பும் கேட்பான்.

"போன மாசம் ப்ரக்டிஸ் மெச்சில நம்ம பக்கம் நிண்டு நம்மட கோலுக்கே அடிச்ச புள்ளதானே சேர் அது?" என்று கேட்டார் நிஸ்தார் ஹாஜியார்.

"அடிச்சாலும் ஒழுக்கமான பிள்ளை," என்றார் அண்ணை. "திறமை இண்டைக்கு வரும் நாளைக்குப் போகும் ஹாஜியார். குணந்தான் நிக்கும்."

"குணம் நிக்கிதுதான். பந்து நிக்கிதில்லையே சேர்."

கடைசியில் இருவரின் நன்னடத்தையையும் விசாரிப்பது என்று முடிவானது. அண்ணை அன்றிரவே பதினேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். தகப்பனின் தொழில், தாயின் ஊர், குடி, புகை, கூட்டாளிகள், கோயிலோ தேவாலயமோ போகும் வழக்கம். பந்தை எந்தக் காலால் அடிப்பான் என்ற கேள்வி மட்டும் இல்லை. பதினேழாவது கேள்வி, விசாரிப்பவருக்கும் வீரருக்கும் உறவுமுறை உண்டா என்பது. முந்திய தலைவர் தன் மருமகனை அணிக்குள் புகுத்தியதிலிருந்து அண்ணைக்கு அதில் கவனம்.

கபிலனுடைய விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஒழுங்கையில் கேட்ட எல்லோரும் தங்கமான பிள்ளை என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் யாரைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

கன்டீனில் ஒரு மாமா

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு மனிதனின் குணத்தை அறிய ஒரே ஒரு வழிதான் தெரியும். அது கலியாணத்துக்கு விசாரிக்கிற வழி.

எனக்கும் நடந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில், அலுவலகக் கன்டீனில் ஒரு முன்பின் தெரியாத மனிதர் மூன்று நாள் தொடர்ந்து தேநீர் குடித்தார். என் மனைவி சாந்தியின் தாய்மாமன். என்னைப் பற்றி என்னிடம் மட்டும் கேட்காமல் மற்ற எல்லோரிடமும் கேட்டார். பியூன் பொடிசிங்கோவிடம் கேட்டபோது அவர், "மிச்சம் நல்ல மனுசன், ஒண்ணுமே செய்ய மாட்டார்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு பெண் தந்தார்கள். முப்பத்தொரு வருடமாகச் சாந்தி அந்த மாமாவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த விசாரணைக்குச் சில விதிகள் உண்டு. வீட்டாரிடம் நேரே போகக் கூடாது. முதலில் கடை, பிறகு சலூன், பிறகு பக்கத்து வீடு. வந்த காரணத்தைச் சொல்லவே கூடாது. மட்டக்குளிக்குப் போனபோது அண்ணையும் நானும் ஒரு விதியைக் கூட மீறவில்லை.

மட்டக்குளி

மாடி வீட்டுத் தொகுதிக்குக் கீழே ஒரு சில்லறைக் கடை. நான் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். "இந்தப் பக்கம் ஜெரோம் எண்டு ஒரு பிள்ளை..." என்று இழுத்தேன்.

கடைக்கார அம்மா எங்கள் இருவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். வேட்டி, திருநீறு, கையில் கோப்பு.

"எங்கிருந்து வாறீங்க?"

"வெள்ளவத்தை."

"வெள்ளவத்தையா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "கேளுங்க, கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

குடிப்பானா? நத்தார்ப் பண்டிகைக்குக் கூட்டாளிகளோடு கொஞ்சம். புகை? முந்தி இருந்தது, இப்போது யாரோ சொல்லி விட்டுவிட்டான். வேலை? பேலியகொடை மீன் சந்தையில், விடியற்காலை மூன்று மணிக்குப் போய் ஒன்பது மணிக்கு வருவான். தகப்பன் இல்லை. இரண்டு தங்கச்சிமாரையும் படிக்க வைக்கிறான். கோபம்? "வரும். வந்தா நிக்காது. பெறகு அவனே வந்து மன்னிப்பு கேப்பான்." எல்லாவற்றையும் நான் படிவத்தில் குறித்துக்கொண்டேன்.

சலூனிலும் அதே வரவேற்பு. மூன்றாம் மாடிக்கு நாங்கள் ஏறி முடிப்பதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டது. கதவு திறந்தே இருந்தது. ஜெரோமின் தாய் மடிப்புக் கலையாத சேலையில் நின்றார். மேசையில் கேக், வாழைப்பழம், நான்கு கண்ணாடிக் குவளைகளில் சோடா. ஜெரோம் ஈரத் தலையோடு ஒரு மூலையில் நின்றான். நெற்றியில் வியர்வை.

அண்ணை நேரே விசயத்துக்கு வந்தார். "ரெஃபரியைத் தள்ளினனீரோ?"

"தள்ளினேன் சார்."

"ஏன்?"

"எங்க அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு. அதுக்காக தள்ளினது சரின்னு நான் சொல்லல. மன்னிப்பு லெட்டர் நானே எழுதிக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னொரு தடவ சொன்னா தள்ள மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா, அது மட்டும் எனக்குத் தெரியாது சார்."

முப்பது வருடம் பொய் கேட்டே சம்பளம் வாங்கிய எனக்கு, அந்தப் பதில் பிடித்துப்போனது. உள்ளபடி சொல்கிறேன், அந்த நிமிடமே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

தாய் என் பக்கம் திரும்பினார். "அப்ப பெரியவங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?"

"ரெண்டு பேர் காணாது அம்மா," என்றேன். "மூண்டு பேர் சம்மதிக்க வேணும். மாளிகாவத்தையில நிஸ்தார் ஹாஜியாரையும் கேக்க வேணும்."

"ஹாஜியாரையுமா?" என்றார் தாய்.

"அவர் சொன்னாத்தான் சாமான் எல்லாம் வரும்."

"அம்மா, சும்மா இருங்க," என்றான் ஜெரோம். அவன் சட்டை நனைந்துவிட்டிருந்தது.

புறப்படும்போது அந்தத் தாய் ஒரு பொலித்தீன் பையை என் கையில் திணித்தார். "பாரைதான் வச்சிருக்கேன். முள்ளு கம்மி. வீட்ல அம்மாக்கிட்ட குடுங்க." வீரரின் குடும்பம் விருந்தோம்பல் உள்ளது என்று படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். பதினேழாவது கேள்விக்கு, உறவுமுறை இல்லை என்று எழுதி, இல்லை என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடும் போட்டேன்.

மீனைச் சாந்தி சனிக்கிழமை குழம்பு வைத்தாள். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து மீனைக் கண்டால் முகம் சுளிக்கும் மதுரா, அன்று இரண்டு துண்டு கேட்டு வாங்கினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் பேச்சு

அடுத்த கூட்டத்தில் அண்ணை விசாரணைக் கோப்பை மூடிவைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பெடியன் நல்லவன்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஐசே, இடம் பாத்தீரே? அந்த மாடி வீடும், மீன் சந்தையும்... எங்கட பெடியளோட எப்பிடிச் சேரும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் குணம் குணம் என்று அவர் சொன்னதெல்லாம் விலாசத்தைத்தான் என்று அப்போது விளங்கியது. மேசையில் அடித்தேன். தேநீர்க் கோப்பை துள்ளியது.

"அண்ணை, நாங்கள் என்ன மாப்பிள்ளையே எடுக்கிறம்? பந்தடிக்க ஒரு ஆள் எடுக்கிறம். இடமும் சமயமும் பந்துக்குத் தெரியுமோ? பதினேழு கேள்வி கேட்டனீங்கள். பதினேழுக்கும் பெடியன் நிக்கிறான். என்னைக் கேட்டா, மாப்பிள்ளையா எடுத்தாலும் குறை சொல்ல ஏலாத பிள்ளை!"

"மாஷா அல்லாஹ்," என்றார் நிஸ்தார் ஹாஜியார். "செக்ரட்டரி சொன்னா சரி. எழுதுங்க."

எழுதினேன். கூட்டக் குறிப்பில் மற்றவர்கள் பேசியதை "கலந்துரையாடப்பட்டது" என்று முடிப்பதும், நான் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுவதும் என் வழக்கம். அன்றைய பேச்சு ஒரு முழுப் பக்கம் வந்தது. மதுரா அதை அடித்துக் கொடுத்தபோது, "நல்லாச் சொல்லியிருக்கிறீங்கள் அப்பா" என்றாள். இரண்டு பிரதி எடுத்து வைத்ததாகவும் சொன்னாள். என் பேச்சை யாராவது இரண்டு பிரதி எடுத்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் இடம்

ஜெரோமை எடுத்தோம். டோஹா யோசனையை அவன் விட்டுவிட்டான். நாங்கள் அந்தப் பருவத்தில் மூன்றாவதாக வந்தோம். சிவபாதம் அண்ணை, தாமே மட்டக்குளி வரை போய் அவனைக் கண்டுபிடித்ததாக இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். மடியில் மீன் இருந்ததை மட்டும் சொல்வதில்லை.

ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஜெரோமின் காதருகில் ஏதோ சொன்னான். இவன் கை உயர்ந்தது. ஜெரோம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். கை மெல்ல இறங்கியது. என் முகத்தில் இருந்த கண்டிப்பைப் பார்த்துத்தான் அடங்கினான் என்று நான் பலரிடம் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் ஐஸ் பையோடு மதுரா நின்றாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் முடிந்த பின்னேரம், வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மதுரா எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"அப்பா, நான் ஜெரோமைத்தான் கட்டப் போறன். ரெண்டு வருசமா விருப்பம்."

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் வந்தது பயம். சாந்தியைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றாள் சாந்தி. "முள்ளில்லாத மீன் வந்த அண்டைக்கே நான் பிள்ளையைக் கேட்டுப்போட்டன்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் விசாரணை அதிகாரியெல்லோ."

நான் எழுந்து நின்றேன். "பந்தடிக்கிறது வேற, கலியாணம் வேற. உப்பிடி உடன சொல்ல ஏலாது. ஆளின்ரை குணத்தை முதல் விசாரிக்க வேணும்."

மதுரா அறைக்குள் போய் கோப்பு ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மேலே கூட்டக் குறிப்பு. மாப்பிள்ளையாக எடுத்தாலும் குறை சொல்ல முடியாத பிள்ளை என்று, நான் சொன்னபடியே. கீழே பதினேழு பதில்கள், என் கையெழுத்தில். அடியில் என் ஒப்பம்.

கோப்பை அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்குப் போனேன். அங்கிருந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். சிவபாதம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, உந்த ஜெரோமைப் பற்றி உங்களுக்கு அப்ப ஒரு மனக்குறை இருந்ததெல்லோ?"

"ஓம் ஐசே. இடந்தான்."

"அதைவிட வேற ஏதும்?"

அவர் நேர்மையாக யோசித்தார். கரையோர ரயில் ஒன்று முழுதாகக் கடந்து போகும் வரை யோசித்தார்.

"வேற ஒண்டுமில்லையே. நீர்தானே எல்லாம் விசாரிச்சனீர்?"

என் மனதிலும் வேறொன்றும் இல்லை. இடம் என்ற அவருடைய அதே ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு மேசையில் அடித்தவன் நான். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு, உள்ளே போகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மதுரா அதே கதிரையில் இருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்று முகமும் கழுவியிருந்தாள். படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பதினேழாவது கேள்வியில் விரலை வைத்தாள்.

"இதில மட்டும் ஒரு பிழை இருக்கு அப்பா."

பேனாவை எடுத்தேன். இரண்டு கோடு போட்டிருந்த "இல்லை"யை வெட்டினேன். மேலே "உண்டு" என்று எழுதினேன்.

வெட்டினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வைத்தேன்.